வீட்டுக்குள் அட்லஸ்

1

ஆடிப் பதினெட்டு அன்றுதான் நான் மெல்பர்னில் வந்து இறங்கினேன். ஊரில் ஆடிக்காற்று தென்னை மட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாள். இங்கே எலும்புக்குள் இறங்கும் குளிர். ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது வாங்கிய ஸ்வெட்டரை நம்பி வந்திருந்தேன். இந்த ஊர்க் குளிருக்கு அது பனியனுக்குச் சமம்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு ஆடி போய்விட்டது. வருடா வருடம் அன்று காலை சூலூரில் தங்கச்சி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு போன் போடுவேன். அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. செல்லில் முகம் தெரிகிற மாதிரிப் பேசப் பழகிவிட்டாள், ஆனால் பாதி நேரம் அவள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். எடுத்ததும் முதல் வார்த்தை மாறவே மாறாது.

"ஏங்கண்ணு அட்லசு, சாப்புட்டயா?"

அட்லஸ் என்பது நான்தான். பாஸ்போர்ட், டிப்ளமா சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் என் பெயர் நாச்சிமுத்து. அம்மா வாயில் மட்டும் அட்லசு. அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து உங்களுக்குப் புரியாது.

2

எங்கள் வகையறாவில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரைத்தான் வைப்பார்கள். நாச்சிமுத்து மகன் ராமசாமி, ராமசாமி மகன் நாச்சிமுத்து என்று, தறியில் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்புவது மாதிரி இரண்டே பெயர்கள் மாறி மாறி ஓடும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு விசைத்தறி இருந்ததால் இந்த உவமை எனக்குச் சின்ன வயதிலேயே தோன்றிவிட்டது. நான் பிறந்ததும், அப்பாரு என்று நாங்கள் கூப்பிடும் தாத்தாவின் பெயரான நாச்சிமுத்துவை எனக்கு வைத்துவிட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இன்னொரு வழக்கமும் அதே வீட்டில் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கூப்பிட வேண்டும், கூப்பிடவும் கூடாது. அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. பக்கத்து வீட்டு முத்துலட்சுமியைக்கூட 'லட்சுமி' என்றுதான் கூப்பிடுவாள், முத்து வந்துவிடுமாம். அப்பாருவோ தறிச்சாலை வாசலில் கட்டிலைப் போட்டு, யார் என்ன பேசினாலும் காதில் வாங்குகிற ஆள். அம்மா என்னை 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எங்கள் வீதியில் எல்லாப் பையனும் கண்ணுதான். ஒரு குரல் கொடுத்தால் மூன்று பேர் வந்து நிற்போம்.

எனக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டு அருகே நடைபாதைக் கடையிலிருந்து பழைய அட்லஸ் ஒன்றை வாங்கி வந்தார். அட்டையில் தாடிக்காரன் ஒருவன் உருண்டையைக் கழுத்தில் சுமந்துகொண்டு குனிந்து நிற்பான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே திரிவேன், அதன் மேல் தலை வைத்துத்தான் தூங்குவேன். "அட்லசு எங்க போச்சு?" என்று முதலில் புத்தகத்தைத் தேடிய அம்மா, பிறகு என்னைத் தேடவும் அதையே வைத்துக்கொண்டாள். வீதியில் வேறு எவனும் அந்தப் பெயருக்குத் திரும்பமாட்டான் என்பது அவளுக்குப் பெரிய வசதி.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று தறியில் பாவு ஏற்றும் வேலை. அப்பாவால் வர முடியவில்லை. அம்மாதான் கூட்டிப் போனாள். தலைமையாசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பையன் பேர் என்னம்மா?"

"எங்க மாமனாரு பேருங்க."

"மாமனார் பேரைக் கேக்கலைம்மா. பையன் பேரு."

"அதைத்தானுங்க சொல்றேன்."

"சரி, மாமனார் பேரு என்ன?"

"அதைச் சொல்லக் கூடாதுங்களே."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் எங்கள் வீதிக்காரர்கள் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளில்லை. கடைசியில், "வீட்டுல எப்படித்தான் கூப்பிடுவீங்க?" என்றார். "அட்லசுன்னுங்க" என்றாள் அம்மா. இவ்வளவு நேரம் போராடியதற்கு இதுவாவது கிடைத்ததே என்று அவரும் எழுதிவிட்டார். ஒரு வாரம் நான் சர்க்கார் பதிவேட்டில் வெறும் அட்லஸ். விஷயம் தெரிந்து அப்பா ஓடிப்போய்ச் சிவப்பு மையில் அடித்து மாற்றினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாரு அம்மாவைப் பார்த்து, "மருவாதி தெரிஞ்ச புள்ள" என்று மட்டும் சொன்னாராம். அம்மா அதை இன்னமும் பட்டம் வாங்கியது மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

3

இந்த நாட்டுக்கு வந்ததும் என் பெயருக்கு வேறு கண்டம் வந்தது. எந்தப் படிவத்தை எடுத்தாலும் உன் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் ராமசாமி. ஆஸ்பத்திரியில் அப்படிக் கூப்பிட்டபோது, அப்பா எப்போது வந்தார் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

பிறகு மகன் பிறந்தான். முறைப்படி ராமசாமி. அவன் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயர் போயிற்று. ஆக அப்பன் நாச்சிமுத்து ராமசாமி, மகன் ராமசாமி நாச்சிமுத்து. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் யார் யாருக்கு அப்பா?" என்று கேட்டார். நரைத்த தலையைத் தொட்டுக் காட்டினேன்.

நான் வேலை பார்ப்பது ஓர் அட்டைப்பெட்டி ஆலையில், இயந்திரப் பராமரிப்பு. அங்கே நாச்சிமுத்து முதல் நாளே 'நாச்' ஆகிவிட்டது. என் மனைவி சாந்தாமணிக்கு நான் 'ஏனுங்க'. புருஷன் பெயரைச் சொல்கிற பழக்கம் அவளுக்கும் கிடையாது. அப்பாவும் தன் அப்பா பெயரைச் சொல்லி என்னை அதட்டச் சங்கடப்பட்டுக் கடைசிவரை 'பையா' என்றே முடித்துவிட்டார். கணக்குப் பார்த்தால் என் முழுப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் வாத்தியார்களும் அதிகாரிகளும்தான்.

4

வீட்டுப் பெயரோ நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றது. வந்த புதிதில் வீடு மாறினோம். சாமான் ஏற்ற வந்த லாரியின் பக்கவாட்டில் அட்லஸ். மகன் சேர்ந்த உடற்பயிற்சிக் கூடத்துப் பலகையில் அட்லஸ். ஆலையில் பாரம் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, கழுத்தின் முதல் எலும்பைக் காட்டி, "இதற்கு அட்லஸ் என்று பெயர். தலையைத் தாங்குகிறதல்லவா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து கழுத்து இன்னும் வலித்தது.

மகன் ஆறாவது படிக்கும்போது சனிக் கிரகத்தைப் பற்றிப் படம் ஒட்டிக்கொண்டிருந்தான். அதைச் சுற்றும் குட்டி நிலா ஒன்றின் பெயர் அட்லஸ். படத்தில் பார்த்தால் அச்சு அசல் நம் சோமாசி. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு மலைத்தொடர், அதையும் தாண்டி ஒரு மகாசமுத்திரம், வானத்துக்குப் போன ஒரு ராக்கெட், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரை வைத்தோ அதிலிருந்து கிள்ளி எடுத்தோ இருக்கிறார்கள். ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆனைகட்டிப் பக்கம் ஒரு சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. "அட்லஸ் பூச்சிங்க" என்றார் வனக்காவலர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பூச்சிக்கெல்லாம் உன்ற பேரை வெச்சுட்டுத் திரியறானுகளா? கேக்க ஆளில்லாமப் போச்சு" என்றாள்.

அந்தத் தாடிக்காரன் யார் என்பது மகன் கல்யாணத்தில்தான் தெரிந்தது. மருமகள் எலெனியின் தாத்தா கிரேக்க நாட்டிலிருந்து கப்பலில் இங்கே வந்தவர். அவள் அப்பா, என் சம்பந்தி யோர்கோ, விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். அட்லஸ் சுமப்பது பூமியை அல்லவாம், ஆகாயத்தை. தேவர்களோடு சண்டை போட்டுத் தோற்ற கூட்டத்தில் அவன் ஒருவன். தோற்றதற்குத் தண்டனையாக ஆகாயத்தைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். "உலகமெல்லாம் அந்தப் பெயரைப் பலசாலி என்று நினைத்து வைக்கிறது. எங்கள் வீடுகளில் யாரும் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள்" என்று சிரித்தார். என்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

5

இந்த ஆடியில் மகனுக்கு மகன் பிறந்தான். சாந்தாமணி பத்திய ரசம் வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள். மகன் வீட்டுக்குப் போனோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் பிறப்புப் பதிவுக்கான படிவம் கிடந்தது. பெயர்க் கட்டத்தில் ஆங்கிலத்தில் அட்லஸ் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் கண் போகவில்லை.

"என்னடா இது?"

"பேர்ப்பா. நல்லா இருக்கில்ல?" என்றான் மகன். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"உன்ற தாத்தன் பேரு உனக்கு வெச்சோம். என்ற பேரு இவனுக்கு வரோணும். அதுதான்டா மொறை."

"அதைத்தானேப்பா பண்ணியிருக்கோம்."

கேலி பண்ணுகிறான் என்றே நினைத்தேன். "சண்டையில தோத்துச் சொமை தூக்குனவன் பேரையா என்ற பேரனுக்கு வெக்கறே? ஊரே வெக்குதுன்னா நீயும் வெப்பயா?" என்று கத்தினேன். குழந்தை விழித்து அழுதது. எலெனி எங்களுக்காகச் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தாள். கை நனைக்காமல் வெளியே வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் ஒரு வீட்டுக்குச் செய்ய முடியாது. வீடு வந்து காரிலிருந்து இறங்கும்போது சாந்தாமணி, "பச்ச ஒடம்புக்காரி ஆக்கி வெச்ச சோறுங்க. ஒரு வாய் உண்டுட்டுக் கத்தியிருக்கலாமுங்க" என்றாள்.

முறை, வழக்கம் என்று கத்தினேனே தவிர உண்மை வேறு. எனக்கு அறுபது வயதாகிவிட்டது. என் பெயரைப் பாசத்தோடு யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேரனுக்கு வைத்துவிட்டால், அவனைக் கூப்பிடுகிற சாக்கிலாவது, நாச்சிமுத்து பால் குடி, நாச்சிமுத்து இங்கே வா என்று வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்கும் அல்லவா? அதற்காகத்தான் அவன் வயிற்றில் இருந்த நாளிலிருந்து காத்திருந்தேன். ஆனால் ஒரு நாளும் மகனிடம் சொல்லவில்லை. பெயரைக் கேட்டா வாங்குவது, தானாகத் தெரிய வேண்டாமா என்கிற நம்ம ஊர் வீம்பு.

6

நான்கு நாள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை வாசலில் கார் நின்றது. எலெனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், மகன் பின்னால். குழந்தையைச் சாந்தாமணி கையில் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கள் வீட்டிலும் முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர்தான்" என்றாள் ஆங்கிலத்தில். "என் தாத்தா நிகோஸ். என் அண்ணன் நிகோஸ், பெரியப்பா மகன் நிகோஸ், சித்தப்பா மகன் நிகோஸ். விருந்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். அதே முறைப்படி இவனுக்கும் உங்கள் பெயர்தான் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். என் அப்பா வேண்டாம் என்றுகூடச் சொன்னார்."

"என் பெயர் அட்லஸ் இல்லையே அம்மா" என்றேன்.

எலெனி என் மகனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அப்பத்தா போன்ல உங்களை அப்படித்தானேப்பா கூப்பிடறாங்க? நாச்சிமுத்துங்கிறது நம்ம குடும்பப் பேர் இல்லையா? என் பேர்ல கடைசில வருதே. இவன் பேர்லயும் வருது, பாருங்க."

படிவத்தின் நகலை நீட்டினான். இரண்டாவது கட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். அட்லஸ் நாச்சிமுத்து.

"நீங்க சொல்ற மாதிரி வெச்சா இவன் நாச்சிமுத்து நாச்சிமுத்துன்னுல்ல ஸ்கூலுக்குப் போகணும்?" என்றான். சாந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்ன வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னபோதுகூட என் தலைக்கு மேல் அட்லஸ் என்றுதான் எழுதினானாம். நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அந்த வருடங்களில் எனக்கு மாலை ஷிப்ட்.

அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று என் பெயரை அவனுடைய வாலில் ஒட்டியவன் நான். அது ஒரு மனுஷனின் பெயர், அந்த மனுஷன் உன் அப்பன்தான் என்று இருபத்தெட்டு வருடத்தில் உட்கார வைத்துச் சொல்லாதவனும் நான். வெட்கமாக இருந்தது. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். எலெனிக்கு நானே பரிமாறினேன்.

7

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவுக்கு போன் போட்டோம். மின்விசிறி தெரிந்தது, நெற்றி தெரிந்தது, பிறகு முகம் வந்தது. அவள் உட்கார்ந்திருந்த சுவரில் அப்பாருவின் படம் மாலையோடு தொங்கியது. குழந்தையைக் காட்டினோம். மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பங்கு பிரித்து முடித்தாள்.

"பேரென்ன வெச்சீங்க கண்ணு?"

நடந்தது முழுவதையும் சொன்னேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "மொறை தப்பாமத்தான் வெச்சிருக்கறான் என்ற பேரன். நீதான் பொசுக்குனு கோவிச்சுட்டு வந்திருக்கற" என்றாள். பிறகு செல்லைக் கிட்டத்தில் பிடித்து, "அட்லசு, ஏஞ்சாமி அட்லசு, இங்க பாரு" என்றாள்.

"என்னுங்கம்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

"நீயில்ல கண்ணு. அவனைக் கூப்புட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பத்தேழு வருடமாக அந்த ஒரு குரலில் எனக்கென்று இருந்த ஒரே பெயர் அது. அதுவும் இனிமேல் என்னுடையது இல்லை. பேரன்தான், சந்தோஷம்தான். இருந்தாலும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மூஞ்சிய ஏன் அப்புடி வெச்சிருக்கற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

அம்மா செல்லைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "அதுஞ்செரி. ரெண்டு பேரும் அட்லசுன்னா, நாங் கூப்புட்டா ஆரு திரும்பறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தினாள். ஒரு முறை தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

"நாச்சிமுத்து."

யாரோ பிடித்து உலுக்கியது மாதிரி இருந்தது. சாந்தாமணி குழந்தையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத்தான் தெரியும், அந்த ஆறு எழுத்தைச் சொல்ல அம்மா எதைத் தாண்டி வந்திருக்கிறாள் என்று.

"கூப்புட்டா என்னன்னு கேக்க மாட்டயா?" என்றாள் அம்மா.

"என்னுங்கம்மா" என்றேன். கண்ணிலிருந்து வந்ததை மறைக்கவில்லை. "இன்னொருக்காக் கூப்புடுங்கம்மா."

"போடா. மாமனாரு காதுல உளுந்துரப் போகுது" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. பிறகு செல்லை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, படத்துக்குக் கேட்காத குரலில், இன்னொரு முறை கூப்பிட்டாள்.